பொருள் எண் ஒன்பது

பொருள் எண் ஒன்பது என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.
இருபத்து நாலு மணி நேரப் பிரசவ வார்டு.
ஒதுக்கீடு அறுபத்தெட்டு லட்சம்.
அமையும் இடம் என்று எழுதி
ஒரு சிறு கோடு.
அந்தக் கோட்டை நிரப்ப ஏழு மாதம் ஆயிற்று.

வெண்ணாற்றுக்குத் தெற்கே மேலப்படுகை,
சவுரிராஜன் கட்சி.
வடக்கே வேளுக்கரை,
பக்கிரிசாமி கட்சி.
பதினொன்றுக்குப் பதினொன்று.
மிச்சம் சுயேச்சை அஞ்சம்மாள்,
பூட்டுச் சின்னத்தில் ஜெயித்து
பூட்டிய வாயோடு உட்கார்ந்திருப்பவர்.

முதல் கூட்டம் வெளிநடப்பு.
இரண்டாவதில் நாற்காலி ஒன்றின் கால் ஒடிந்தது.
இருப்புப் பதிவேட்டில் ‘தேய்மானம்’ என்று காட்டினேன்.
மூன்றாவதில்
“போன ஆட்சியில கொசு மருந்து அடிச்ச பில் எங்க?”
“ஒங்க ஆட்சியில கொசுவே பில்லு போட்டுச்சே!”
சிரித்துவிட்டேன்.
எழுத்தர் சிரிக்கக் கூடாது.

ஐப்பசி அடைமழையில்
தாளடி நடவிலிருந்து வலியோடு கரையேறிய வளர்மதியை
லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
எஞ்சின் மாற்றிக்கொண்டு நின்றது,
நாற்பது நிமிஷம்.
தார்ப்பாய்க்குக் கீழே பிறந்தது
அழவில்லை.

மறுநாள் இரண்டு போஸ்டர்.
இருவருமே வன்மையாகக் கண்டித்தார்கள்.
ஒரே அச்சகம், ஒரே கறுப்பு மை.
ஒன்றில் அவள் பெயர்
வளர்பதி என்றிருந்தது.

எட்டாவது கூட்டம், மாலை நாலேகால்.
அஞ்சம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டே எழுந்தார்.
“மேட்டூர்த் தண்ணி கொறஞ்சா
ஆத்துக்கு ஆறு மொற வச்சு வுடுறோம்ல?
டாக்டருக்கும் வைங்க.
எனக்கு நாலரை பஸ் போயிரும்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.
அப்புறந்தான் ஆரம்பித்தது பாகப்பிரிவினை.
கட்டடம் தெற்கே, ஆம்புலன்ஸ் வடக்கே.
ஸ்கேன் தெற்கே என்றால்
ஜெனரேட்டர் வடக்கே.
டாக்டர் அங்கே மூன்று நாள்,
இங்கே மூன்று நாள்.
ஞாயிற்றுக்கிழமையைக்
கேட்பார் இல்லை.

“வலி மொற பாத்து வராதுங்க” என்றார்
டாக்டர் ஸ்டெல்லா இருதயமேரி.
‘மருத்துவ அலுவலர் கருத்துத் தெரிவித்தார்’
என்று எழுதினேன்.
அடியில், வழக்கம்போல,
‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.’
இருபத்து மூன்று கையெழுத்தில்
எத்தனை மனது என்று
எந்தப் படிவமும் கேட்பதில்லை.

கட்டடம் எழும்பப் பதினாலு மாதம்.
திறந்த மூன்றாம் இரவு கரண்ட் போனது.
உள்ளே ஒருத்தி, முழு வலியில்.
செவிலியர் கையில் செல்போன் வெளிச்சம்.
ஜெனரேட்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
தீர்மானத்தின்படி.

பக்கிரிசாமியின் மச்சினன்
பவர் டில்லர் டிரெய்லரில் அதைக் கட்டிக்கொண்டு
பாலத்தில் வந்தான்.
முகப்பில் கட்சிக் கொடி, அவிழ்க்க நேரமில்லை.
வந்து பார்த்தால் டீசல் இல்லை.
சவுரிராஜன் வீட்டு பம்ப்செட் கேனை
லுங்கியோடு தூக்கி வந்தார்
சவுரிராஜன்.
ஒருவன் கயிறு இழுக்க
ஒருவர் டார்ச் பிடித்தார்.
பேசிக்கொண்டார்களா, தெரியாது.
இயந்திரம் போட்ட சத்தத்தில்
அதற்குப் பிறகு கேட்ட சத்தம் மட்டும்
ஊரே கேட்டது.

அடுத்த கூட்டம்.
பொருள் எண் நான்கு:
டீசல் ஒன்றரை லிட்டர், யார் கணக்கில்?
வெளிநடப்பு.
காலி நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்து
வருகைப் பதிவை மூடினேன்.

வாசலில் அவள் நின்றாள்,
பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி,
துண்டுக்குள் ஒரு கை மட்டும் வெளியே.
“சார், இன்னிக்கு எந்தக் கரை மொற?”
“வடக்கு.”

முந்தானையை இழுத்துப் பிள்ளை தலையை மூடிக்கொண்டு
பாலத்தைப் பார்த்து நடந்தாள்.